டிக்ரூஸ் கிரில் மலையிறங்கிய பதினாறு நாட்கள்

குன்னூரில் மாதா கோயிலுக்கு ஏறுகிற சரிவில் அறுபது வருஷத்துக்கு மேலாக நின்றிருந்த டிக்ரூஸ் கிரில் என்கிற ஸ்டேக் ஓட்டல், தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குக் கதவு சாத்தப்பட்டதும், ஆடுகிற பல்லை நாக்கால் நெம்புவது போல அஸ்திவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு, தகரக் கூரையும் புகைபோக்கியும் வாசல் ரோஜாத் தொட்டிகளும் சேதமில்லாமல், சமையற்கட்டை முன்னால் வைத்துச் சாப்பாட்டுக் கூடத்தைப் பின்னால் இழுத்தபடி, மேட்டுப்பாளையம் போகிற மலைப்பாதையில் இறங்க ஆரம்பித்தது.

அப்போது உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். முதலாளி நார்மன் டிக்ரூஸ், ஐம்பத்தெட்டு வயது, கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா ப்ளோரி, ஓட்டலின் கேரமல் கஸ்டர்டுக்குப் பொறுப்பானவர், கிண்ணத்திலிருந்து கஸ்டர்டைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கஸ்டர்ட் ஒரு பக்கமாகச் சரிவதைப் பார்த்து ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தவர், தபாலாபீஸ் பின்னால் போய்க்கொண்டிருப்பதைக் கண்டு, தட்டுகளையெல்லாம் அலமாரிக்குள் வைத்துக் கொக்கி போட்டுவிட்டுத் தம்பியை எழுப்பினார்.

"நார்மன், ஓட்டல் கிளம்பிடுச்சு."

"எங்க?"

"கீழ."

நார்மன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். "ஏழு மணிக்குத் திறக்கணுமே. அதுக்குள்ள நின்னுடுமா?"

"நின்னுடும். கதவு சாத்தற நேரமாப் பார்த்துத்தான கிளம்பியிருக்கு."

சொன்னபடியே ஆறு மணிக்குக் கட்டடம் ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் ஒதுங்கி நின்றது. ஏழு மணிக்கு நார்மன் கதவைத் திறந்தார். வழக்கமாக வருகிறவர்கள் பழைய இடத்தில் ஓட்டல் இல்லாததைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் போச்சு?" என்று தபாலாபீஸ் வாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்து அவரவர் மேஜையில் உட்கார்ந்தார்கள்.

டிக்ரூஸ் கிரில் எப்படிப்பட்ட இடம் என்று போய்ச் சாப்பிட்டவர்களிடம் கேட்டால் அவர்கள் முதலில் தடிமனாக அறுத்துச் சுட்ட மாட்டுக்கறித் துண்டான ஸ்டேக்கைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்தால் பெருமூச்சு விடுகிற சிவப்பு ரெக்ஸின் நாற்காலிகளைச் சொல்வார்கள். ஒட்டுப்போட்டுத் தைத்த வெள்ளை மேஜைவிரிப்பை, சுவரில் ஒற்றைக் கண்ணாடிக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கும் கடமான் தலையை, பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் ஒரே மாதிரி கழுத்தில் கட்டிவிடப்படும் துண்டைச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் சமையற்கட்டுக் கதவு திறந்து, மரப்பலகையில் பதித்த இரும்புத் தட்டு சீறிக்கொண்டு வருவதையும், பேசிக்கொண்டிருந்த எல்லா மேஜைகளும் அந்தச் சீறலுக்கு மரியாதையாக வாயை மூடிக்கொள்வதையும், மிளகுக் குழம்பு ஊற்றிய கறியும் மசித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயில் புரட்டிய காரட்டும் புகையோடு வந்து முன்னால் உட்காருவதையும் சொல்வார்கள். முதல் சம்பளம் வாங்கியவர்கள் அங்கே போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், கடிதம் எழுதிக் காதலித்தவர்கள், மாற்றலாகிப் போகிறவர்கள், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர்கள் எல்லாரும் அங்கே போனார்கள். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாத அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன மகன்கள், பக்கத்து மேஜையைப் பார்க்காமல் கையாலேயே எடுத்துச் சாப்பிடும்படி அப்பாவிடம் சொல்லி, தாங்களும் கையால் சாப்பிட்டார்கள்.

அந்த ஸ்டேக்கை முப்பத்தோரு வருஷம் சுட்டவர் சூசைமாணிக்கம். மேட்டுப்பாளையத்துக்காரர். தை மாதம் அவர் ஓட்டலில் இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால், ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுப் படம் எடுத்துப் போடுகிற ஒரு பெண் கேமராவோடு வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடித் திறந்து, "சார், இது யாரோட கைப்பக்குவம்?" என்று கேட்டாள். நார்மன் கேமராவைப் பார்த்துச் சிரித்து, "எங்கப்பா லயனல் டிக்ரூஸோட ரெசிபி. அப்படியே காப்பாத்திட்டு வர்றேன்," என்றார். சூசைமாணிக்கம் அடுத்த தட்டோடு அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். தட்டு சீறி அடங்கும்வரை நின்றார். பிறகு அதை மேஜையில் வைத்து, ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேலே போட்டுவிட்டு, நாலு மணி பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். நார்மன் போன் செய்யவில்லை. "கோவம் தணிஞ்சா தானா வருவான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊட்டியில் சைனீஸ் ஓட்டலில் இருந்த ஒருவரைச் சமையலுக்கு வைத்தார். அவர் எல்லாவற்றிலும் சோயா சாஸ் ஊற்றினார்.

ஓட்டல் தினமும் மூன்று மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்கு நின்றது. மூட்டுவலிக்காரர்கள் படியிறங்குகிற மாதிரி, ஒரு மூலையை முதலில் ஊன்றி, நிதானித்து, அடுத்த மூலையை இறக்கியது. முதல் இரண்டு நாள் பின்னால் வந்த பஸ்களும் காய்கறி லாரிகளும் ஹாரன் அடித்துப் பார்த்தன. மூன்றாம் நாள், கீழேயிருந்து எண்ணினால் பதினாலாவதான கொண்டை ஊசி வளைவில், சப்-இன்ஸ்பெக்டர் கோகிலவாணி ஜீப்பில் வந்து இறங்கினார். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும் என்பது மலைப்பாதையின் சட்டம். எதிரே ஒரு சிமெண்ட் லாரி திணறி ஏறி வந்தபோது, டிக்ரூஸ் கிரில் ரோஜாத் தொட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டு, பாறையோடு பாறையாக ஒட்டி நின்று, லாரி போகும்வரை காத்திருந்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

"ஏறுற வண்டிக்கு வழி விடுது. ஓவர்டேக் பண்ணல. பிறகு நான் என்னன்னு கேஸ் எழுதறது?" என்று சொல்லி, முன்னால் ஒரு சிவப்புக் கொடியும் பின்னால் ஒரு சிவப்புக் கொடியும் கட்டச் சொன்னார். "ராத்திரி நிக்கற எடத்துல வாசல் லைட்ட எரியவிடுங்க சார்," என்று நார்மனிடம் சொல்லிவிட்டு, உள்ளே வந்து ஒரு சூப் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. லைன்மேன் ஏணியோடு கூடவே வந்து, நிற்கிற இடத்திலெல்லாம் பக்கத்துக் கம்பத்திலிருந்து கரண்ட் கொடுத்தார். தபால்காரர் 'டிக்ரூஸ் கிரில், பத்தாவது வளைவு' என்று விலாசத்தைத் திருத்தித் திருத்திக் கடிதம் கொண்டுவந்தார். கேஸ் சிலிண்டர் வண்டி இறங்குகிற வழியில் நின்று கொடுத்தது. குரங்குகள் கூரையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு வளைவு சவாரி செய்துவிட்டு, தங்கள் எல்லை முடிகிற இடத்தில் இறங்கிக்கொண்டன. அங்கே அடுத்த கூட்டத்துக் குரங்குகள் தயாராக இருந்தன. சோயா சாஸ்காரர் மட்டும் பத்தாவது வளைவில் தலை சுற்றி, வாந்தியெடுத்து, மேலே போகிற பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறிவிட்டார். அன்றிலிருந்து ஓட்டலில் ஸ்டேக் கிடையாது. சூப், ரொட்டி, வெண்ணெய், ப்ளோரியின் கஸ்டர்ட், அவ்வளவுதான்.

ஆனாலும் கூட்டம் வந்தது. முன்பைவிட அதிகமாக வந்தது. குன்னூரில் தொழிற்சாலையும் தோட்டங்களும் ஆட்களைக் குறைத்தபோது கீழே மேட்டுப்பாளையத்துக்கும் காரமடைக்கும் கோயம்புத்தூருக்கும் குடியேறிப்போனவர்கள், மலையேற இனி உடம்பு ஒத்துழைக்காது என்று விட்டுவிட்டவர்கள், ஓட்டல் தங்களை நோக்கி இறங்கி வருகிறது என்று கேள்விப்பட்டு, வேன் பிடித்து வளைவு வளைவாக வந்து பார்த்தார்கள். எட்டாவது வளைவில் ஒரு வயசான தம்பதி ஆறாம் நம்பர் மேஜையைத் தேடிப்போய் உட்கார்ந்தார்கள். நாற்காலி பெருமூச்சு விட்டதும் அந்த அம்மாள் சிரித்தார். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு இவர் கத்திய அழுத்தின அழுத்துல, கறித்துண்டு பறந்துபோய் மான் கொம்புல மாட்டிக்கிச்சு. அதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னேன்," என்றார். ஸ்டேக் இல்லை என்று ப்ளோரி சொன்னபோது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"மாணிக்கம் எங்கேங்க?"

நார்மன் உடனே தண்ணீர் ஜாடியை நிரப்பப் போய்விடுவார்.

பர்லியாரில் மங்குஸ்தான் விற்கிறவர்கள் பாதையில் மாலை கட்டி வரவேற்றார்கள். பஞ்சாயத்தார் வந்து, மூன்று நாளாவது தங்கள் ஊரில் நின்றுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்கள். நார்மனுக்கும் ஆசைதான்; அவர் சுவரைத் தட்டிக் கேட்டுப் பார்த்தார். மறுநாள் மூன்று மணிக்கு ஓட்டல் மாலையோடு கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் நார்மன், "மண்ணு சரிஞ்சுதான் இறங்குது. எங்கயாவது சமதரை வந்தா நின்னுடும்," என்றார்.

ப்ளோரி கேரமலுக்குச் சர்க்கரை உருக்கிக்கொண்டிருந்தார். "சமையற்கட்டுதான முன்னால போகுது. அது எங்க போகுதுன்னு உனக்குத் தெரியாதா மேன்?"

"தெரியாது."

"சரி. போய்ச் சேர்ந்ததும் தெரிஞ்சுக்கோ."

கீழே மேட்டுப்பாளையத்தில், சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், சூசைமாணிக்கம் மனைவி ரோஸ்லினோடு இருந்தார். அறுபத்திரண்டு வயது. ஊருக்கு வந்ததிலிருந்து அவர் அடுப்புப் பக்கமே போகவில்லை. இட்லி மாவு அரைத்து விற்கிற ரோஸ்லினுக்குக் கிரைண்டர் கழுவிக் கொடுப்பார், மற்ற நேரம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பஸ் கண்டக்டர் ஒருவர் அந்தச் சந்தில்தான் குடியிருந்தார். அவர் தினமும் வேலை முடிந்து வரும்போது சேதி சொல்வார்.

"ஏனுங் மாணிக்கண்ணா, உங்க ஓட்டல் அஞ்சாவது வளைவுக்கு வந்துருச்சுங்."

"அது எம்பட ஓட்டல் இல்லீங்க. நார்மன் சாரோட அப்பா ஓட்டல்."

"இன்னிக்குக் கல்லாறு தாண்டிருச்சுங்ணா. பாக்குத் தோப்புல நிக்குது."

"நிக்கட்டும்."

"பவானிப் பாலத்துல ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்தி வெச்சாங்க. அப்படியே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு பாருங், பாலம் ஒரு நூல் அசையல."

அன்றைக்குச் சூசைமாணிக்கம் எழுந்துபோய், கழுவின கிரைண்டரையே மறுபடி கழுவினார்.

பதினாறாம் நாள், ஐந்தே முக்காலுக்கு, டிக்ரூஸ் கிரில் சந்தின் முனைக்கு வந்தது. சந்து ஆறடி அகலம். ஓட்டல் நாற்பதடி. அது ஒரு மூலையை உள்ளே விட்டுப் பார்த்தது. ஒரு வீட்டு ஜன்னல் கதவு உரசியது. பின்வாங்கி, அடுத்த மூலையை விட்டுப் பார்த்தது. கொடியில் காய்ந்த துணி புகைபோக்கியில் மாட்டிக்கொண்டது. அது சங்கடத்தோடு அசையாமல் நின்றது. துணியை எடுத்துக்கொண்டு, முனையிலிருந்த காலி மனையில் போய், சமையற்கட்டுக் கதவு சந்துக்குள் பார்த்திருக்கும்படி திரும்பி உட்கார்ந்தது. ப்ளோரி இறங்கிப்போய் அந்த வீட்டம்மாளிடம் துணியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்.

நார்மன் இறங்கவில்லை. இரண்டு நாள் இறங்கவில்லை. சந்தில் இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாக வந்து சிவப்பு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்கள் மேஜைவிரிப்பின் தையலைத் திருப்பிப் பார்த்து மெச்சினார்கள். ப்ளோரியின் கஸ்டர்டுக்கு அந்த இரண்டு நாளில் சந்து முழுவதும் அடிமையாகிவிட்டது. சமையற்கட்டு ஜன்னலில் நின்றால் நாற்பது அடி தள்ளி, ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் சூசைமாணிக்கம் தெரிவார். நார்மன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அங்கே போய் நின்றார்.

மூன்றாம் நாள் காலையில் ப்ளோரி சந்தைக்குப் போய், எலும்பில்லாத மெத்தென்ற அண்டர்கட் கறியில் நாலு துண்டு வாங்கி வந்து ஐஸ்பெட்டியில் வைத்தார். வைத்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்:

"முப்பது கிலோமீட்டருக்கு மேல கல்லும் மண்ணும் நடந்து வந்திருக்கு. நீ நாப்பது அடி நடக்க மாட்டியா?"

"நான் போய் என்ன சொல்றது ப்ளோரி?"

"பொய்ய கேமராவப் பார்த்து டக்குனு சொன்னியே. உண்மைக்கு மட்டும் யோசனை வேணுமா?"

நார்மன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்துப் போட்டார். கழற்றினார். சட்டையோடு இறங்கி நடந்தார். மாவு வாங்க வந்தவர்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள். ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்றார். சூசைமாணிக்கம் எழுந்திருக்கவில்லை.

"மாணிக்கம்," என்றார் நார்மன். "எங்கப்பா சுட்டது செருப்பு மாதிரி இருக்கும்."

சந்தில் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"நான் சின்ன வயசுல மெல்ல முடியாம பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போய் நாய்க்குப் போடுவேன். நீ வந்த வருஷம்தான் பப்பாளிக்காய் அரைச்சுத் தடவின. பச்சை மிளகைச் சின்ன வெங்காயத்தோட இடிச்சுக் குழம்பு வெச்ச. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். எல்லாம் தெரியும் எனக்கு. அந்தப் பொண்ணு கேட்டப்ப, எங்கப்பா பேரு வெளிய தெரியணும்னு ஒரு ஆசை வந்துடுச்சு. அவர் ரொம்பக் கஷ்டப்பட்டு அந்த எடத்தைக் கட்டினார். ஆனா உன் கையை எடுத்து அவருக்கு வெச்சிட்டேன். தப்பு. பெரிய தப்பு."

சூசைமாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஸ்லின் கை மாவைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"முப்பத்தோரு வருஷம்," என்றார் சூசைமாணிக்கம். "பின்பக்கக் கதவு வழியா வந்து பின்பக்கக் கதவு வழியாப் போயிருக்கேனுங்க. அந்தச் சிவப்பு சேர்ல ஒரு நாள் உக்காந்ததில்ல. சாப்பிடறவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு கதவு இடுக்குல பார்த்ததோட சரி."

"வா. இப்ப வா. உக்காரு."

"வர்றேன். ஆனா நீங்க சுடணும்."

"நானா? எனக்கு முட்டை பொரிக்கக்கூட வராது மாணிக்கம்."

"தெரியுமுங்க. அதனாலதான் கேக்கறேன்."

சூசைமாணிக்கம் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரி, ரோஸ்லினோடு சந்தின் மறுமுனை வழியாகச் சுற்றி மெயின் ரோட்டுப் பக்கமாகப் போய், ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். கண்டக்டரும் மாவு வாளிக்காரர்களும் ஜன்னல்களை நிறைத்தார்கள். தமுக்கடித்துச் சொன்ன மாதிரி கூட்டம் கூடிவிட்டதால், சேதி கேள்விப்பட்ட சப்-இன்ஸ்பெக்டர் கோகிலவாணி ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி வரிசையாக நின்று பார்க்கச் சொன்னார். சூசைமாணிக்கம் கூடத்தின் நடுவிலிருந்த மேஜையில் உட்கார்ந்தார். நாற்காலி பெருமூச்சு விட்டது. அவர் திடுக்கிட்டு எழுந்து, மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். ரோஸ்லின் சுவரோரமாக நின்றுகொண்டார். ப்ளோரி வந்து சூசைமாணிக்கத்தின் கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டார்.

நார்மன் தோளில் துடைப்புத் துணியோடு வந்து குனிந்தார். "எப்படி வேணும் சார்? மீடியமா, வெல்டனா?"

சார் என்றதைக் கேட்டுச் சூசைமாணிக்கத்தின் காது சிவந்தது. "மீடியம்," என்றார்.

முதல் தட்டு வந்தது. சீறவில்லை, எரிந்தது. ப்ளோரி தண்ணீர் தெளித்து அணைத்தார். சூசைமாணிக்கம் ஒரு விரலால் தட்டைத் தள்ளினார். "இதை வெச்சுப் பல்லு விளக்கலாம். மாத்திக் கொண்டு வாங்க."

இரண்டாவது தட்டு அரை மணி நேரம் கழித்து வந்தது. அவர் முள்கரண்டியால் குத்திப் பார்த்தார். "இதை அவிழ்த்துவிட்டா இப்பக்கூடப் புல்லு மேயும். மாத்திக் கொண்டு வாங்க."

ஜன்னல்களில் சிரிப்பு அலை அலையாகப் போனது. சமையற்கட்டிலிருந்து பாத்திரம் விழுகிற சத்தமும், இயேசுவே என்கிற சத்தமும், "நெருப்பைக் குறை மேன்!" என்று ப்ளோரி கத்துகிற சத்தமும் கேட்டன. மூன்றாவது தட்டு வந்தபோது நார்மனின் புருவங்களில் ஒன்று பொசுங்கியிருந்தது, சட்டையெல்லாம் குழம்பு, இரண்டு விரலில் கட்டு. தட்டு கொஞ்சமாகச் சீறியது. ஜலதோஷம் பிடித்தவர் மூக்கை உறிஞ்சுவது போல. ஆனாலும் சீறியது. ஜன்னலில் இருந்தவர்கள் தாமாகவே வாயை மூடிக்கொண்டார்கள்.

சூசைமாணிக்கம் கத்தியை எடுத்து ஒரு துண்டு அறுத்தார். அறுக்கவே நேரம் பிடித்தது. வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நார்மன் துணியை முறுக்கியபடி நின்றார். முதல் துண்டை விழுங்கிவிட்டு அவர் இரண்டாவது துண்டை அறுத்தார். பிறகு காரட், பிறகு உருளைக்கிழங்கு, பிறகு மறுபடி கறி. கடைசித் துளிக் குழம்பை ரொட்டியால் துடைத்துத் தின்றார். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கம் பக்கமாக வைத்தார். துண்டை அவிழ்த்து வாயைத் துடைப்பது போலக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருந்தது சார்?"

"கேவலமா இருந்துச்சுங்க," என்றார் சூசைமாணிக்கம். "ஆனா உக்காந்து சாப்பிட நல்லாத்தான் இருக்கு. ஜனங்க ஏன் வர்றாங்கன்னு இப்பத்தான் தெரியுது."

நார்மன் சிரித்தார். ஜன்னல்களும் சிரித்தன. சூசைமாணிக்கம் எழுந்து, சந்துக்காரர்களைப் பார்த்துக் கும்பிட்டு, வந்த வழியே வீட்டுக்குப் போகலாம் என்று முன்வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

சுவரோரமாக நின்றிருந்த ரோஸ்லின் நகரவில்லை. கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். வந்து, கணவர் எழுந்த மேஜைக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மேஜைவிரிப்பில் இரண்டு கையையும் வைத்தார்.

"எனக்கும் ஒண்ணு வேணுமுங்க," என்றார். "முப்பத்தோரு வருஷமா இவரு சட்டையத் தொவைக்கறப்பெல்லாம் அந்த வாசனைதான். இன்னிவரைக்கும் ருசி தெரியாது."

நார்மன் பொசுங்கிய புருவத்தோடு ரோஸ்லினைப் பார்த்தார், ப்ளோரியைப் பார்த்தார். ஐஸ்பெட்டியில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சமையற்கட்டைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார்.

"நில்லுங்க சார்!" என்று கத்தினார் சூசைமாணிக்கம். வாசலிலிருந்து நாலே எட்டில் திரும்பி வந்து, நார்மனின் தோளிலிருந்து துணியை உருவினார். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். "அவளுக்கு நீங்க சுட்டுக் கெடுத்துடாதீங்க."

அவர் உள்ளே போனார். கதவு இரண்டு பக்கமும் ஆடி அடங்கியது. ப்ளோரி குனிந்து ரோஸ்லினின் கழுத்தில் துண்டைக் கட்டினார். நார்மன் தண்ணீர் ஊற்றினார். பிறகு பச்சை மிளகு இடிபடுகிற சத்தம், வெண்ணெய் முணுமுணுக்கிற சத்தம், அதற்குப் பிறகு சுவர்கள் நெளிந்து கூரைத் தகரம் சிலிர்க்கும்படி, மேட்டுப்பாளையம் அதற்கு முன் கேட்டிராத அந்தச் சீறல். ரோஸ்லின் கத்தியை வலது கையிலும் முள்கரண்டியை இடது கையிலும் எடுத்து, இரண்டையும் பார்த்து, திரும்ப மேஜையில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வர எழுந்தார்.